மாஸ் ரிட்ஜின் வேர்கள்

டாஸ்மேனியாவின் ஃபெடரேஷன் சிகரத்துக்குப் போய் வந்த இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், பேச்சு பத்து நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறும் டைரக்ட் அசென்ட் பாறைவழிக்கு வந்துவிடும். பாறை காய்ந்திருந்ததா, கயிறு கொண்டு போனீர்களா, கீழே ஜீவ்ஸ் ஏரி தெரிந்ததா, கால் நடுங்கியதா, எல்லாம் கேட்பார்கள். அதற்கு முன்னால் ஏறி வந்த மாஸ் ரிட்ஜ் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை விசாரிக்கிற குரலில் கேட்பார்கள். எனக்கு இதில் நெடுநாள் மனக்குறை உண்டு. பதினெட்டு வருடமாக டாஸ்மேனியாவின் தென்மேற்கில் நடந்துகொண்டிருக்கிறேன். இனி ஒரே ஒரு நாள்தான் நடக்கலாம், எங்கே நடக்கிறாய் என்று யாராவது கேட்டால், எந்தச் சிகரத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன். கட்டிங் கேம்ப்பிலிருந்து பெஷர்வேஸ் பீடபூமி வரை மாஸ் ரிட்ஜில் ஏறுகிற அந்த ஒரு நாளைத்தான் கேட்பேன்.

அதற்கு முன்னால் வரும் நடையையும் குறை சொல்வதற்கில்லை. ஃபார்ம்ஹவுஸ் க்ரீக்கில் தொடங்கி, ஈரக்காட்டுக்குள் விழுந்து கிடக்கும் மரங்களின் மேலேறியும் அடியில் தவழ்ந்தும் கணவாயைத் தாண்டி, சவுத் கிராக்ராஃப்ட் பள்ளத்தாக்கின் சேற்றுக்குள் இறங்கும்போது உடம்பு ஊர் வாழ்க்கையை மறந்துவிட்டிருக்கும். பட்டன்கிராஸ் புல் திட்டுகளுக்கு நடுவே முழங்கால் வரை புதைகிற கருப்புச் சேறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதெல்லாம் ஆலாபனைக்கு முன்னால் தம்பூரா சேர்த்துக்கொள்கிற நேரம். கச்சேரி கட்டிங் கேம்ப்பில் ஆற்றைத் தாண்டிய பிறகு ஆரம்பிக்கிறது.

காலையில் தொடங்கும்போது மர்ட்டில் மரங்களின் நிழல். நகத்தளவு இலைகள், ஒளியைப் பொடித்துப் பொடித்துத் தரையில் போடும். சாஸஃப்ராஸ் பட்டையை உரசிக்கொண்டு போனால் மசாலாப் பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாசம் வந்து போகும். தரை என்று ஒன்று இருப்பதாகத் தோன்றும். அரை மணி நேரத்தில் அந்த எண்ணம் போய்விடும். காலடியில் இருப்பது மண் இல்லை, வேர்கள். வேர்களுக்கு மேல் பாசி, பாசிக்கு மேல் உதிர்ந்த இலை, வேர்களுக்கு அடியில் ஒன்றுமில்லை. கைத்தடியை ஊன்றினால் முழுத் தடியும் உள்ளே போய்விடும். நாம் ஒரு மலையின் மேல் பின்னிய வலையில் நடந்துகொண்டிருக்கிறோம் என்பது அப்போது புரியும்.

பிறகு முதல் செங்குத்து வரும். பாறை இரண்டாள் உயரம் நிற்கும். அதன் மேலிருந்து டீ-ட்ரீ வேர்கள் கயிறுபோல இறங்கியிருக்கும். ஒரு கை வேரில், ஒரு கால் பாசியடியில் கிடைக்கிற விரல் அகலப் பிளவில், இன்னொரு கால் எங்கோ காற்றில், முதுகில் இருபது கிலோ. உடம்பை மேலே இழுத்து, மார்பை விளிம்பில் வைத்து, ஒரு நீந்தல் நீந்தி எழுந்தால், உடனே இறக்கம். ஏறிய உயரத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். இந்தத் தொடர் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது: மூன்று படி மேலே, இரண்டு படி கீழே. இதைத்தான் பலரும் வெறுக்கிறார்கள். எனக்கோ இந்த ஏற்ற இறக்கம் இல்லாத மலைகள் சப்பென்று இருக்கின்றன. வளைந்து வளைந்து சீராக ஏறும் பாதையில் கால் தானாக நடக்கும், மனம் எங்கோ போய் அலுவலகக் கணக்குப் பார்க்கும். மாஸ் ரிட்ஜில் ஒவ்வொரு அடிக்கும் நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும்.

உயரம் கூடக் கூட மரங்கள் மாறும். பௌரா வரும். சின்னஞ்சிறு வெள்ளைப் பூவும் கம்பி போன்ற தண்டுமாக, கணுக்காலைக் கட்டி நிறுத்திக் கேள்வி கேட்கும். ஹொரிசாண்டல் வரும். தன் எடையைத் தானே தாங்காமல் சாய்ந்து, சாய்ந்த தண்டிலிருந்து கிளைகள் நேராக எழும்பி, அவையும் சாய்ந்து, கடைசியில் யாரோ பொறுமையாக முடைந்த பிரம்புக் கூடை மாதிரி நிற்கிற மரம். அந்தக் கூடைக்குள் புகுந்துதான் போக வேண்டும். அதற்கும் மேலே பாண்டானி.

பாண்டானியைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பார்த்தால் பனை, தாழை என்று தோன்றும். இரண்டுக்கும் உறவில்லை. ஹீத் குடும்பத்துச் செடி அது, 12 மீட்டர் வரை வளரும். காய்ந்த பழைய இலைகளைக் கழற்றிப் போடாமல் பாவாடை மாதிரி இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மூடுபனிக்குள் நிற்கும். வேறு மலைகளில் பாண்டானியைத் தூரத்திலிருந்து பார்த்துப் படம் எடுப்போம். மாஸ் ரிட்ஜில் அதன் தண்டை அணைத்துக்கொண்டு நிற்கும்படி ஆகும், ஏனென்றால் கீழே வேறு எதுவும் இல்லை. நான் முதன்முறை அப்படி நின்றபோது, என் கன்னத்துக்குப் பக்கத்தில் அந்தத் தண்டு வழவழப்பாகப் பளபளத்தது. எத்தனையோ வருடங்களாக எத்தனையோ பேர் அதே இடத்தில் அதே பயத்தோடு பிடித்த இடம். கோயில் தூண்களில் எண்ணெய்க் கை பட்டுப் பட்டு ஏறுகிற கருமை நினைவுக்கு வந்தது. அந்தப் பளபளப்பில் ஒரு குற்றமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைசியில் ஸ்கோபாரியா. அந்த முள்ளிலையைத் திட்டாத நடையர் இல்லை. ஆனால் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ போனவர்களுக்கு அதன் கதிர்ப்பூக்கள் தெரியும். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஒரே சரிவில் எல்லா நிறமும் நிற்கும். அந்தப் பூவின் மூடியைப் பல்லிபோன்ற ஒரு சிறு அரணை கடித்து எடுத்துத் தேன் குடிக்கும். மூடி போன பூவுக்குப் பூச்சிகள் வந்து மகரந்தம் சேர்க்கும். குளிரில் நடுங்கும் ஒரு அரணை திறந்து வைக்கிற கதவு வழியாகத்தான் அந்தச் செடி இனம் பெருகுகிறது. இதையெல்லாம் நின்று பார்க்க அங்கே நிறைய நேரம் இருக்கிறது. மூச்சு வாங்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் முகம் ஏதோ ஒரு செடியிலிருந்து ஒரு சாண் தொலைவில்தான் இருக்கும்.

என் ரசனையின் மையம் அந்த ஒரு சாண் தொலைவுதான். மலையை எட்ட நின்று பார்ப்பவர்கள் ஒரு வகை, உச்சியிலிருந்து பார்ப்பவர்கள் இன்னொரு வகை. இருவருக்கும் மலை ஒரு வடிவம். மாஸ் ரிட்ஜ் மலையை மூக்குக்கு அருகே கொண்டுவந்து வைக்கிறது. அங்கே மலை என்பது ஈரம், நார், நடுக்கம், மணம்.

முதல் முறை என்னோடு வந்தவர் மெல்போர்னில் இருக்கும் யாழ்ப்பாண நண்பர், என்னைவிட நாலு வயது இளையவர். மூன்றாவது செங்குத்தில் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கியபடியே மேலே இருந்த என்னிடம் கேட்டார்: "அண்ணை, நாங்கள் இப்ப மலையில ஏறுறமோ, மரத்தில ஏறுறமோ?" அந்த மலைத்தொடரைப் பற்றி இவ்வளவு சரியாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனவர் ஹோபார்ட்டைச் சேர்ந்த ஒரு முதியவர். எழுபதைத் தாண்டியவர். கம்பளிச் சட்டை, ஒட்டுப் போட்ட கெய்ட்டர், ஓரம் கிழிந்த தாள் வரைபடம். முன்னால் நடக்க மாட்டார், பின்னாலேயே வருவார். எங்காவது நாங்கள் தவறான வேரைப் பிடிக்கப் போனால் ஒரு சின்ன இருமல் மட்டும் கேட்கும். அவரிடம் நான் கற்றதுதான் இன்றுவரை என் காட்டுப் படிப்பு. பிடிப்பதற்கு முன் பார். இலையைப் பிடிக்காதே, வேரைப் பிடி. வேரிலும் பட்டை உரியாத வேரைப் பிடி. பாசியை மிதித்து வழுக்கினால் அது பாசியின் தவறில்லை. புதர் உன்னைத் தடுத்தால் முட்டாதே, முயலும் பேடிமெலனும் எப்படிப் போயிருக்கும் என்று குனிந்து பார். இவை அவர் ஒரே மூச்சில் சொன்னவை இல்லை. நாலு நாளில் நாலு வார்த்தையாகச் சொன்னதை நான் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அந்த முறை நாங்கள் சிகரத்தைப் பார்க்கவே இல்லை. ஏறுவது இருக்கட்டும், கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பெஷர்வேஸ் பீடபூமியில் கூடாரம் போட்ட இரவு தென்மேற்கிலிருந்து காற்று திரும்பியது. 43 டிகிரி தெற்கில் அந்தக் காற்றுக்கும் நமக்கும் நடுவே கடலைத் தவிர எதுவும் கிடையாது. ஜனவரி மாதம், நடுக் கோடை, மறுநாள் காலையில் கூடாரத்தின் மேல் பனி. மூன்று இரவு இருந்தோம். சிகரம் எங்களுக்கு மேலே, கூப்பிடு தொலைவில் நின்றிருக்க வேண்டும். நண்பர் காலையும் மாலையும் கூடார வாசலைத் திறந்து பார்த்து, "ஒண்டும் தெரியேல்லை அண்ணை" என்று மறுபடி மூடுவார். நாலாம் நாள் முதியவர் முதுகுப்பையைக் கட்டத் தொடங்கினார். விவாதம் ஏதும் நடக்கவில்லை. அதே மாஸ் ரிட்ஜில், மழையில், இறங்கினோம்.

ஊருக்கு வந்ததும் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு முறை, ஏறவும் இறங்கவும், அந்தத் தொடரை முழுதாகக் கையால் படித்திருந்தேன். பிறகு ஆறு வருடம் கழித்துப் போனபோது வானம் திறந்திருந்தது. உச்சியில் நின்றேன். தெற்கே கடல், வடமேற்கே ஆர்தர்ஸ் மலைகளின் பல் வரிசை. இருபது நிமிடம் இருந்தேன், நல்ல இருபது நிமிடம். ஆனால் இன்று கண்ணை மூடினால் எனக்கு வருவது அந்தக் காட்சி இல்லை. ஈர டீ-ட்ரீ வேரின் முண்டும் முடிச்சும்தான் உள்ளங்கைக்கு வருகிறது.

உயரத்தை வைத்துப் பேசுபவர்களுக்கு ஒரு கணக்கு சொல்ல வேண்டும். ஃபெடரேஷன் சிகரம் 1,225 மீட்டர்தான். டாஸ்மேனியாவிலேயே மவுன்ட் ஒஸா 1,617 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதன் உச்சிக்கு வண்டியில் போய் இறங்கலாம். ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் மிக உயர்ந்த காஸியஸ்கோவுக்கு, 2,228 மீட்டர், நாற்காலி விஞ்ச்சில் பாதி ஏறி, மீதியை இரும்புக் கம்பித் தளத்தில் நடந்து முடிக்கலாம். ஆனால் இந்த 1,225 மீட்டருக்கு டாம் மூர் என்ற நில அளவையாளர் 1901இல், ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் ஒன்றிணைந்த ஆண்டில், பெயர் வைத்த பிறகு, மனிதக் கால் அதன் உச்சியில் பட 48 வருடம் ஆயிற்று. ஜீலாங் கல்லூரிக் குழு ஒன்றை ஜான் பெஷர்வேஸ் கூட்டிக்கொண்டு வந்து 1949 ஜனவரியில் ஏறினார். அடுத்த ஆண்டு, 1950 ஜூனில், பிரெஞ்சுக்காரர்கள் 8,091 மீட்டர் அன்னபூர்ணாவின் உச்சியில் நின்றுவிட்டார்கள். இரண்டு மலைகளுக்கும் நடுவே ஒன்றரை வருடம்தான். அன்னபூர்ணாவைக் காத்தது உயரமும் குளிரும். ஃபெடரேஷனைக் காத்தது புதரும் சேறும் மழையும். ஹோபார்ட் நடைக் கழகத்து லியோ லக்மன் 1947இல் வந்து பார்த்துத் திரும்பியவர். இன்று லக்மன்ஸ் லீட் என்று ஒரு சரிவு அவர் பெயரில் இருக்கிறது. 1929இல் அந்தக் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாக் த்வெய்ட்ஸ் பெயரில் ஒரு பீடபூமி இருக்கிறது. வழி தேடிய மனிதர்களின் பெயர்கள் வழியிலேயே தங்கியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, மாற்று ரசனைக்காரர்களுக்கு வருகிறேன்.

வெஸ்டர்ன் ஆர்தர்ஸ் பக்தர்கள் என்னோடு மல்லுக்கு நிற்பார்கள். ஓபரான் ஏரியை மேலிருந்து பார்த்த பிறகும் மாஸ் ரிட்ஜா என்பார்கள். ஓபரான் அழகுதான், யார் மறுப்பது? பனியாறு குடைந்து வைத்த கிண்ணங்களில் கருந்தேநீர் நிற நீர், சுற்றி வெண்ணிறக் குவார்ட்சைட் சுவர். ஆனால் அது பார்வைக்காரர்களின் தொடர். மொரெய்ன் ஏ-யில் ஏறிவிட்டால் நாள் முழுவதும் திறந்த முகட்டில் காட்சியோடு நடக்கிறோம். லவர்ஸ் லீப், டில்டட் சேஸம் என்ற செங்குத்து இடங்கள் இரண்டும் சுவையானவை என்று ஒப்புக்கொள்கிறேன். அங்கேகூட வேர்தானே கைகொடுக்கிறது!

ஃப்ரெஞ்ச்மன்ஸ் கேப் பிரியர்களுடன் எனக்குச் சண்டை இல்லை, வருத்தம்தான் உண்டு. லோடன் சமவெளியின் சேற்றை நீந்திப் போன தலைமுறைக்கு அந்தப் பெரிய வெள்ளைப் பாறை தூரத்தில் தெரியும்போது வந்த கண்ணீரை, பலகையில் நடந்து போகிறவர்களுக்கு எப்படிச் சொல்வது? ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். சேற்றைத் தவிர்க்க ஒவ்வொருவரும் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி, ஒற்றையடிப் பாதை மாட்டு வண்டிப் பாதை அகலத்துக்குப் பிளந்து கிடந்தது. ஆயிரமாண்டுகளாகச் சேர்ந்த கரிமண் அது. பலகை நிலத்துக்கு நல்லது. நடப்பவருக்கு நல்லதா என்பதில் எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

ஏபல்ஸ் சேர்ப்பவர்கள்தான் இப்போது அதிகம். 1,100 மீட்டருக்கு மேல், எல்லாப் பக்கமும் 150 மீட்டர் இறக்கம் உள்ள மலைகள், மொத்தம் 158. பில் வில்கின்சன் தொகுத்த புத்தகத்தின் முதல் பாகம் 1994இல் வந்தது. அந்த நூலின் உழைப்பை மதிக்கிறேன், யாரும் போகாத மலைகளுக்கு ஆட்களை அனுப்பிய புத்தகம் அது. நானும் சில வருடம் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள், மழை பெய்துகொண்டிருந்த ஒரு உச்சிக் கற்குவியலைத் தொட்டுவிட்டு இரண்டே நிமிடத்தில் திரும்பி நடந்தபோது, வழியில் என்ன பூத்திருந்தது என்று ஒன்றுமே எனக்கு நினைவில்லை என்பது உறைத்தது. அன்றோடு பென்சிலைக் கீழே வைத்தேன். சேர்ப்பவர்களை நான் தடுக்கவில்லை. குறித்துக்கொள்ளும் பெட்டி உச்சிக்கு மட்டும்தான் இருக்கிறது, அதுதான் என் ஆட்சேபம். மாஸ் ரிட்ஜுக்குப் பெட்டி எங்கே?

ஒளிப்படக் கலைஞர் பீட்டர் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் அந்த ஒரு சாண் தொலைவைப் புரிந்துகொண்டவர் என்று நான் நம்புகிறேன். எல்லோரும் அவரை 1979இல் ஃப்ராங்க்ளின் ஆற்றில் எடுத்த அந்த விடியல் மூடுபனிப் படத்தை வைத்து அறிவார்கள். 1983 தேர்தலில் பத்திரிகை விளம்பரமாக வந்து, அணைத் திட்டத்தைத் தடுத்து நிறுத்த உதவிய படம். ஆனால் அவருடைய நாட்காட்டிகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், பக்கத்துக்குப் பக்கம் அருகாமைதான். குஷன் செடி மேல் ஒரு பாண்டானி இலை, பாறைப் பிளவில் உறைபனி, பாசி, விழுந்த ஃபேகஸ் இலைகளின் பொன். கனமான லின்ஹாஃப் கேமராவையும் முக்காலியையும் முதுகில் சுமந்து, இத்தனை மலைகளைத் தாண்டிப் போய், காலடியில் இருந்த ஒரு சாண் இடத்துக்கு முன் மண்டியிட்ட மனிதர். அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஓலெகஸ் ட்ருக்கனாஸ். பெடர் ஏரி அணை நீரில் மூழ்குவதற்கு முன் அதைப் படமெடுத்து மக்களுக்குக் காட்டியவர். 1967 காட்டுத்தீயில் வீடும் படங்களும் எரிந்துபோக, மறுபடி தொடங்கியவர். 1972இல் கோர்டன் ஆற்றில் இறந்துபோனார். தேடிப் போன குழுவில் உடலைக் கண்டெடுத்தவர் டோம்ப்ரோவ்ஸ்கிஸ்தான். அவரும் 1996இல் வெஸ்டர்ன் ஆர்தர்ஸில், படமெடுக்கப் போன இடத்தில், மாரடைப்பில் போனார். இருவரும் பால்டிக் கரை நாட்டுக் குடும்பங்களிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். இந்தக் காட்டைப் பார்க்க இங்கேயே பிறந்திருக்க வேண்டியதில்லை. கடல் கடந்து வந்த எனக்கு இது பெரிய தெம்பு.

இன்றைய நடையில் தரம் குறைந்துவருகிறது என்று சொன்னால், வயதானவர் புலம்பல் என்பார்கள். இருந்தும் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது கிளம்புபவர்கள் கைப்பேசியில் ஒரு கோட்டை இறக்கிக்கொண்டு வருகிறார்கள். யாரோ நடந்த கோடு. புதரைப் பார்ப்பதில்லை, கோட்டைப் பார்க்கிறார்கள். கோடு ஒரு பௌராப் புதருக்குள் போனால் இவர்களும் உள்ளே போகிறார்கள், பத்தடி தள்ளி நல்ல வழி இருந்தாலும். ஜான் சாப்மனின் தென்மேற்கு டாஸ்மேனியா வழிகாட்டி நூலை வைத்துக்கொண்டு நடந்த காலத்தில், ஒரு வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து மலையைப் பார்த்தாக வேண்டும், இரண்டையும் பொருத்தியாக வேண்டும். அந்தப் பொருத்தலில்தான் காடு நமக்குள் வந்தது. மரங்களில் இளஞ்சிவப்பு நாடாக்கள் வேறு. முன்பு நாலைந்து இடத்தில் இருந்தது, இப்போது சில இடங்களில் பந்தல் அலங்காரம் மாதிரி தொங்குகிறது.

இன்னொன்று நேரக் கணக்கு. போன கோடையில் பிக்டன் பக்கம் ஒரு இளைஞரைச் சந்தித்தேன். இடுப்பில் ஒரு சின்னப் பை, காலில் ஓட்டக்காலணி. நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினார். ஃபெடரேஷனுக்கு எத்தனை மணி நேரத்தில் போய்த் திரும்பினார் என்று சொன்னார், நான் ஒரு வாரம் எடுத்துக்கொள்கிற தூரம் அது. அவர் உடல் வலிமையை நான் மனதாரப் பாராட்டினேன். மாஸ் ரிட்ஜில் பாண்டானி பூத்திருந்ததா என்று கேட்டேன். அவர் பதில் தெரியாமல் நின்றது இன்னும் என்னை உறுத்துகிறது. நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாதோ என்றும் தோன்றுகிறது. ஆனால் வேறு எதைக் கேட்பது?

இவையெல்லாம் மனித ரசனையின் குறைகள், திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாத இழப்பு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. 2016 ஜனவரியில் மின்னல் மூட்டிய தீ மத்தியப் பீடபூமியில் பென்சில் பைன்களை எரித்தது. 2019இல் ரிவோ சாலைத் தீ தெற்குக் காடுகளை வாரக்கணக்கில் தின்றது. யூகலிப்டஸ் எரிந்தால் துளிர்க்கும். பென்சில் பைனும் கிங் பில்லி பைனும் எரிந்தால் போயிற்று. நெருப்பைப் பழகாத இனங்கள் அவை, ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழக்கூடியவை. வெண்ணிற எலும்புக்கூடுகளாக நிற்கும் அந்த மரங்களுக்கு நடுவே நான் ஒருமுறை நடந்தேன். பேச்சு வரவில்லை. எந்த ஈரம் ஃபெடரேஷனை நாற்பத்தெட்டு வருடம் காத்ததோ, அந்த ஈரம்தான் மாஸ் ரிட்ஜையும் இன்றுவரை காத்துவருகிறது. அது வற்றினால் பாசியும் பாண்டானியும் காகிதம். இதற்கு முன் நாடாவும் கைப்பேசிக் கோடும் எம்மாத்திரம்?

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எதிரியும் உண்டு, ஃபைட்டோஃப்தோரா என்கிற வேரழுகல். ஈரமண்ணோடு ஒட்டி, நம் காலணியின் அடியிலேயே பயணம் செய்கிறது. காட்டுத் தொடக்கத்தில் வைத்திருக்கும் தூரிகையும் கழுவுநீரும் சடங்குக்கு வைத்தவை இல்லை.

அந்த வழவழத்த பாண்டானித் தண்டுக்கு வருகிறேன். கடைசியாகப் போனபோது அதைத் தேடினேன். அதே திருப்பம், அதே பாறை. தண்டு இருந்தது, தலை இல்லை. பிடித்துப் பிடித்து, இழுத்து இழுத்து, வேரோடு சாய்ந்து கீழே பள்ளத்தில் கிடந்தது. அந்தக் கைகளில் என் கையும் ஒன்று. முதல் நாளே முதியவர் பின்னால் நின்று இருமியிருக்கிறார், நான்தான் பயத்தில் கேட்கவில்லை. அவர் இப்போது இல்லை. மூன்று வருடமாயிற்று. பாண்டானி நின்ற இடத்துக்கு ஒரு முழம் இடப்பக்கம், பாசிக்கு அடியில், நல்ல கனமான டீ-ட்ரீ வேர் ஒன்று எப்போதும் இருந்திருக்கிறது. பாசியை விரலால் லேசாக விலக்கினால் தெரியும்.

நீங்கள் போகும்போது ஃபார்ம்ஹவுஸ் க்ரீக்கில் காலணியைக் கழுவிவிட்டுப் போங்கள். உணவில் ஒரு நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு நாளை மாஸ் ரிட்ஜுக்குக் கொடுங்கள். பாண்டானியைப் பிடிக்காதீர்கள். இடப்பக்கம் வேர் இருக்கிறது.